ஜெராக்ஸின் மூச்சு

13 ஜூலை, சனி

டாக்டர் சுகிர்தா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. இருபத்தாறு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து, மற்றவர்கள் எழுதிய டைரிகளைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியவள் நான்.

நேற்று மாலை என் பூனை ஜெராக்ஸுக்கு மூச்சு முட்டிவிட்டது. விளக்கேற்றி முடித்துத் திரும்புகிறேன், கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, வயிறு ஒட்டி ஒட்டி உள்ளே போக, நாய் மாதிரி வாயைத் திறந்து இழுக்கிறது. எதையோ விழுங்கிவிட்டது என்று முதுகில் தட்டினேன். கீழ்வீட்டு சவரிமுத்துதான் ஆட்டோவை எடுத்தார். உறையூரிலிருந்து தில்லைநகர் கிளினிக்குக்கு ஏழே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்கவாட்டில் குழாய். அதன் வழியாக உள்ளே ஆக்சிஜன் போகிறது. பூனையை யாரும் பிடிக்கவில்லை, அழுத்தவில்லை. பெட்டிக்குள் விட்டுக் கதவை மூடினார்கள், ஓர் ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். அரை மணியில் வாயை மூடிக்கொண்டது.

“பூனைக்கும் ஆஸ்துமா வரும்மா. மனுஷங்களுக்கு வர்ற மாதிரியேதான்” என்றார் டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கை அவ்வளவு நிதானம். “வாயத் தொறந்து மூச்சு விட்டாலே அவசரம். யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க. வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா? கொசுவர்த்தி?”

“நான் இருக்கிற வீட்லயா?” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ண வேண்டுமாம். முப்பதுக்குள் இருந்தால் சரி. நாற்பதைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும். “அன்னன்னைக்கு வீட்ல என்ன நடந்துச்சுன்னும் எழுதுங்க. எதனால வருதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.”

கண்டுபிடிப்பதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

இன்று மதியம்: 28.

14 ஜூலை, ஞாயிறு

27. மோட்டார் போட்டேன். தலையணை உறைகள் துவைத்தேன்.

டாக்டரம்மா, அந்தப் பெயர் ஏன் என்று கேட்டீர்கள், அவசரத்தில் சொல்லவில்லை. என் விடுதியில் பூனை, நாய், கிளி எதற்கும் அனுமதி இல்லை. முதல் மாடிப் பெண்கள் ஒன்றரை வருடம் இதை எனக்குத் தெரியாமல் வளர்த்திருக்கிறார்கள். “ஜெராக்ஸ் எடுத்துட்டியாடி?”, “ஜெராக்ஸ் எங்க வச்சே?” என்று என் முன்னாலேயே பேசுவார்கள். நானும், என்ன படிப்பாளிப் பெண்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மே மாதக் கடைசியில் நான் ஓய்வுபெற்ற அன்று ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து அழுதார்கள். அவர்களுக்கும் படிப்பு முடிந்துவிட்டது, எடுத்துப்போக வழியில்லை. நான் திட்டிக்கொண்டேதான் வாங்கிவந்தேன்.

ஒண்டிக்கட்டைக்கு எதற்குப் பூனை என்று அக்காள் போனில் கேட்டாள். என்னை ஏமாற்றியதற்குத் தண்டனையாக என்னோடு இருக்கட்டும் என்றேன்.

16 ஜூலை, செவ்வாய்

காலை 26. மாலை 37.

சவரிமுத்து மாடிப்படியில் உட்கார்ந்து பீடி பிடிப்பது ஐந்தரை மணிக்கு. அவர் மனைவி பிலோமினா மிளகாய் வறுத்ததும் இன்றுதான். இரண்டையும் குறித்துக்கொண்டேன். மற்றபடி வழக்கமான செவ்வாய்: தலைக்குக் குளியல், விளக்கு, சாம்பிராணி, சாம்பார் சாதம்.

17 ஜூலை, புதன்

27. ஆடி பிறந்தது.

19 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கொட்டாங்கச்சியைச் சுட்டுத் தணல் எடுத்து, நல்ல கட்டிச் சாம்பிராணியாக வாங்கி வந்திருந்ததைப் பொடித்துப் போட்டேன். விடுதியில் மூன்று மாடிக்கும் காட்டிய கை. இந்த இரண்டு அறை எனக்கு ஒரு பொருட்டா? மூலை முடுக்கு விடவில்லை. அம்மனுக்கு முன்னால் ஜெராக்ஸுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு மறுபடியும் அதே இழுப்பு.

ஓடி வந்தால் படியில் சவரிமுத்து, கையில் பீடி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து தில்லைநகர் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். “உங்க பொகதான் அத்தனைக்கும் காரணம். ஒரு வாயில்லா ஜீவன் சாகுது, உங்களுக்குப் பீடி கேக்குது.” அவர் சிக்னலில் திரும்பி, “டீச்சர், அது மூஞ்சிய மூடாதீங்க, காத்து படட்டும்” என்றார்.

கண்ணாடிப் பெட்டியில் மூன்று மணி நேரம். நன்றாகிவிட்டது.

20 ஜூலை, சனி

இன்று என் வீட்டுக்கு ஓர் ஆக்சிஜன் மிஷின் வந்திருக்கிறது. டாக்டர் இரவல் தந்தார். சின்ன சூட்கேஸ் அளவு. சிலிண்டர் இல்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக விடுகிறது. குழாயை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டு, பூனையை உள்ளே வைக்க வேண்டும். பெட்டியில் ஓட்டைகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிவிடும்.

மிஷின் மேல் மார்க்கர் பேனாவில் ‘டைகர்’ என்று எழுதியிருக்கிறது. கம்பெனி பெயர் என்று நினைத்தேன். “இல்லம்மா. அது ஒரு பக் நாய். இந்த மிஷின்லதான் பதினோரு மாசம் மூச்சு விட்டுச்சு. அது போனப்புறம் அவங்க வீட்டுக்காரங்க, வேற யாருக்காச்சும் ஆகட்டும்னு இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க.”

முகம் தெரியாத டைகர், உனக்கும் உன்னை வளர்த்தவர்களுக்கும் நன்றி. துணியால் துடைத்து வைத்தேன், உன் பெயர் மேல் மட்டும் அழுத்தித் துடைக்கவில்லை.

டாக்டர் மூன்று தடவை சொன்ன விதி: மிஷின் ஓடும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது. விளக்கு, கற்பூரம், அடுப்பு எதுவும். ஒரு பொறி பட்டாலும் குப்பென்று பிடித்துக்கொள்ளுமாம். விதி என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதியம்: 29.

23 ஜூலை, செவ்வாய்

காலை 24. மாலை 38.

விதிப்படி நடந்தேன். முதலில் மிஷினை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கினேன். பெட்டியின் மூடியைக் கழற்றி, கால் மணி நேரம் காத்திருந்தேன். அதன் பிறகுதான் தணலை உள்ளே கொண்டுவந்தேன். கடைசியாக ஜெராக்ஸின் பெட்டியைச் சுற்றி மூன்று தடவை காட்டினேன், திருஷ்டி இருந்தாலும் போகட்டும் என்று.

சவரிமுத்து இப்போது பீடி பிடிக்கத் தெருமுனை டீக்கடைக்குப் போகிறார். முழங்கால் வலியோடு நடக்கிறார். நல்லதுதான், நடக்கட்டும். ஆனால் பிலோமினா ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளிக்கிறாள்.

25 ஜூலை, வியாழன்

26. கேஸ் வந்தது. மிஷின் பின்பக்கத்தில் காற்றை வடிகட்டும் ஸ்பாஞ்சைக் கழற்றிக் கழுவினேன். தண்ணீர் வெளுத்த டீ நிறத்தில் இறங்கியது. ஒரே சாம்பிராணி மணம். வந்து ஐந்து நாள்தான் ஆகிறது, மிஷின்கூட என் வீட்டு வாசனைக்குப் பழகிவிட்டது.

26 ஜூலை, வெள்ளி

மாலை 46. வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் போனில் சொன்னேன். பெட்டியில் வைத்து மிஷினை ஓட்டச் சொன்னார். இரண்டரை மணி நேரம். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். அந்த மிஷின் ‘ஹும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, இடையிடையே ஒரு பெருமூச்சு. ஒன்பது மணிக்கு 31. பெட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தது. இந்த மிஷின் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சவரிமுத்து இன்று காலையிலிருந்தே சமயபுரம் சவாரி. பிலோமினா மகள் வீட்டில். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. என்றாலும் சந்தேகப் பட்டியலிலிருந்து யாரையும் நீக்கவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனேன். அங்கே குறையைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். கல்யாணம், வேலை, கோர்ட்டு வழக்கு என்று ஜனங்கள் எழுதிக்கொண்டிருக்க, ‘பூனைக்கு மூச்சு’ என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்தாள். ‘என் வீட்டில் ஓர் உயிர்’ என்று எழுதிக் கட்டினேன். அம்மனுக்குப் புரியும்.

இன்னொன்றும் வேண்டிக்கொண்டேன். மிச்சமுள்ள ஆடி வெள்ளியெல்லாம் காலை, மாலை இரண்டு வேளையும் சாம்பிராணி போடுவதாக.

25.

30 ஜூலை, செவ்வாய்

மாலை 39. மிஷின் ஒரு மணி நேரம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

கிளினிக்கில் இருக்கிறேன். நோட்டைக் கையோடு எடுத்துவந்திருக்கிறேன். எண்ண முடியவில்லை.

3 ஆகஸ்ட், சனி

உயிரோடு இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்று இரண்டு வேளை பூஜை. மாலை தூபக்காலைக் கீழே வைப்பதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து சத்தம். நாக்கு நீலம். தணலைப் பால்கனியில் தள்ளிவிட்டு மிஷினைப் போட்டேன், பெட்டியில் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பால்கனியில் நின்று “சவரிமுத்து!” என்று கத்தினேன். இருபத்தாறு வருட அதட்டலில் அப்படி ஒரு குரல் வந்ததில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வந்தார். வழியெல்லாம் ஆரன்தான்.

டாக்டர் கண்ணாடிப் பெட்டிக் கதவை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன். வெகுநேரம் கழித்து ஜெராக்ஸ் முன்னங்காலை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தது. நான் வெளியிலிருந்து என் விரலை வைத்தேன். விடுதியில் எந்தப் பெண்ணாவது இப்படி என்னைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். அழுதேன், எழுதுவதற்கென்ன.

“ஒரு உண்மை சொல்லிடறேம்மா” என்றார் டாக்டர். “இன்னொரு தடவ இந்த மாதிரி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாது. ஆக்சிஜன் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். எது கிளப்பி விடுதோ அத நிறுத்தணும். அந்த நோட்டக் குடுத்துட்டுப் போங்க.”

இதை எழுதி முடித்துக் கொடுக்கப் போகிறேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

நோட்டு திரும்ப வந்துவிட்டது. உள்ளே சிவப்பு வட்டங்கள். ஒரு காலத்தில் நான் போட்ட வட்டங்கள் மாதிரியே.

டாக்டர் எதிரில் உட்காரச் சொன்னார். “முப்பத்தஞ்சுக்கு மேல போன நாளெல்லாம் வட்டம் போட்டிருக்கேன். கெழமைய மட்டும் படிங்க.”

படித்தேன். செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி. செவ்வாய். வெள்ளி.

“அன்னைக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேனே. சாமி கும்பிடுவேன்.”

“சாம்பிராணி?”

“ஆமா, அது இல்லாமயா?”

அவர் சிவப்பு வட்டங்களை விரலால் தட்டிக் காட்டினார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. வார்டனாம் வார்டன்!

“அம்மா, மொத நாளே வீட்ல பொக உண்டான்னு கேட்டேனே.”

“பொகன்னா கேட்டீங்க? சிகரெட், கொசுவர்த்தின்னுதானே கேட்டீங்க? சாம்பிராணிய யாராச்சும் பொகன்னு சொல்லுவாங்களா? அது...” என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. ஸ்பாஞ்சைக் கழுவிய தண்ணீர் ஞாபகம் வந்தது. மிஷினை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றிவிட்டு, மூச்சுக்குத் தவிக்கிற ஜீவனைச் சுற்றி மூன்று தடவை. அத்தனையும் விதிப்படி.

“தப்பு என்னோடதுதான்” என்றார் டாக்டர். “நெருப்பு கூடாதுன்னு சொன்னவ, பொகயும் கூடாதுன்னு தனியாச் சொல்லியிருக்கணும். எங்க அம்மாவும் வெள்ளிக்கிழமை போடறவங்கதான், எனக்கே தோணல.”

இப்படி ஒரு டாக்டரை நான் பார்த்ததில்லை. என் தப்பில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார். அம்மா, நன்றாக இருங்கள்.

தூபக்காலைத் துலக்கித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

காலை 27. மாலை 26. மாலை, 26!

விளக்கு மட்டும். கற்பூரமும் இல்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கீழே போய் சவரிமுத்துவிடம் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் சுலபமாக வராது, வந்தது. அவர் தலையைச் சொறிந்தார். “வுடுங்க டீச்சர். நீங்க வெரட்டுனதுல ஒரு நாளைக்கு நாலு பீடி கொறஞ்சிருக்கு. பிலோமினா உங்களுக்குத்தான் மெழுகுவர்த்தி ஏத்துறா.” மெழுகுவர்த்திப் புகை மேலே வருமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

8 ஆகஸ்ட், வியாழன்

24. இதுவரை கொடுத்துவந்த மாத்திரைக்குப் பதில் இனி தினமும் இழுக்கும் மருந்து. ஒரு முனையில் குட்டி முகமூடி, நடுவில் குழாய், மறுமுனையில் மருந்து டப்பா. அழுத்திவிட்டுப் பத்து மூச்சு எண்ண வேண்டும். ஆபத்துக்கென்று தனியாக ஒரு நீல நிற இன்ஹேலர்.

அந்த நீல இன்ஹேலரை நான் முன்பே பார்த்திருக்கிறேன். போகட்டும்.

9 ஆகஸ்ட், வெள்ளி

23. போகட்டும் என்று எழுதிவிட்டால் போய்விடுமா?

நிறைமதி. பெரம்பலூர்ப் பக்கம். முதல் மாடி. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் சாம்பிராணி காட்டும்போதெல்லாம் இருமுவாள். மற்ற பெண்கள் கண்மூடி நிற்க, இவள் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாள். நடிப்பு என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு தடவை அவள் கையில் இருந்த நீல இன்ஹேலரைக் காட்டி, “இது ஒரு சாக்கு உனக்கு” என்றேன். அதன் பிறகு அவள் பிரார்த்தனைக்கே வரவில்லை. வராத வெள்ளிக்கெல்லாம் அவள் பெயருக்கு எதிரில் சிவப்பு வட்டம் போட்டேன்.

பூனைக்காக ஒரு மாதம் மூச்சு எண்ணினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை எண்ணியிருக்கலாம்.

டாக்டரம்மா, இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்கலாம். கிழிக்கப் போவதில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

25. இரண்டு நாள் போனை எடுத்து எடுத்து வைத்தேன். காலை இட்லி முடித்ததும் நிறைமதிக்குப் போட்டுவிட்டேன்.

“மேடமா?” என்றாள். பயந்த குரல். உடனே, “ஜெராக்ஸுக்கு ஏதாச்சுமா மேடம்?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆக்சிஜன் பெட்டி, டைகர் மிஷின், செவ்வாய், வெள்ளி. முடித்த பிறகு கேட்டேன். “வெள்ளிக்கெழமை எல்லாம் நீ எங்கம்மா இருப்ப?”

“மொட்டமாடில மேடம், தண்ணி டேங்க் பின்னாடி.” கொஞ்சம் தயங்கினாள். “ஜெராக்ஸும் எங்கூட வந்துரும். அதுக்கும் பொக ஆகாது மேடம், தும்மிக்கிட்டே இருக்கும். துப்பட்டாவுல சுத்தித் தூக்கிட்டுப் போயிருவேன். பொக அடங்குனதும் ரெண்டு பேரும் எறங்கி வருவோம்.”

ஒன்றரை வருடம். நான் வட்டம் போட்ட ஒவ்வொரு வெள்ளியும் அவள் இந்தப் பூனையை என்னிடமிருந்து காப்பாற்றியிருக்கிறாள்.

“எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன் மேடம்” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மன்னித்துக்கொள் என்றேன். அவள், ஐயோ மேடம், ஐயோ மேடம் என்றாள். பிறகு, வேலையில் லீவு கிடைக்கும்போது பூனையைப் பார்க்க வரவா என்று கேட்டாள். என்னிடம் அனுமதி கேட்கிறாள்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

24. மிஷினுக்கு ஒரு வாரமாக வேலை இல்லை. டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரமே வேறொரு வீட்டுக்குப் போகிறதாம், ஒரு வயதான பொமரேனியனுக்கு. ‘டைகர்’ என்ற பெயருக்குக் கீழே, டாக்டர் சொன்னபடி, ‘ஜெராக்ஸ்’ என்று நானும் மார்க்கரில் எழுதினேன். கையெழுத்து கோணிவிட்டது.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. பாயசம் வைத்தேன். சாம்பிராணி இல்லை. நேற்றைய சுதந்திர தின விடுமுறையோடு இன்றைக்கும் சேர்த்து லீவு போட்டு நிறைமதி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நான்கு மணிக்குப் படியேறி வந்தாள். இளைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் நிலைக்கு வெளியிலேயே நின்றாள். வலது கை தோள்பைக்குள் இருந்தது. “வா” என்றேன். சிரித்தாளே தவிர நகரவில்லை. எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. இன்று வெள்ளிக்கிழமை. பைக்குள் அந்தக் கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும் புரிந்தது.

“உள்ள வாம்மா. பொக இல்ல. இனிமே இந்த வீட்ல எப்பவும் இல்ல.”

வாசலில் நின்றபடியே மெதுவாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று, பெரிதாக. கையை வெறுமையாக வெளியே எடுத்துவிட்டு உள்ளே வந்தாள். அதற்குள் ஜெராக்ஸ் அவள் காலில் விழுந்து புரண்டுகொண்டிருந்தது. என்னிடம் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டு கிண்ணம் பாயசம் சாப்பிட்டாள். பூனைக்கு முகமூடியை எப்படி வைத்தால் முரண்டு பிடிக்காது என்று எனக்குச் சொல்லித்தந்தாள். வாரத்து வேலையும் பஸ் அலுப்பும் சேர்ந்துகொள்ள, பேசிக்கொண்டே சோபாவில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். ஜெராக்ஸ் அவள் வயிற்றின் மேல்.

நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ஜெராக்ஸ்: 22. பிறகு இன்னொரு கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, அவளுடையதையும் ஒரு நிமிடம் எண்ணினேன். சீராக இருந்தது. நிறைமதி: 15.